சி டிரைவ் சிவந்தால்: பார்ட்டிஷன் மாற்றமும் மீட்பும்

கொல்கத்தாவின் கிடர்பூரை இரண்டு காரணங்களுக்காக வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பார்கள். ஒன்று, 1892இல் திறக்கப்பட்ட கப்பல்துறை. மற்றது, கார்ல் மார்க்ஸ் சரணியில் இருக்கும் ஃபேன்ஸி மார்க்கெட். கடிகாரம், கேமரா, சென்ட் பாட்டில் என்று கப்பல் வழி வந்த வெளிநாட்டுச் சாமான்களைப் பேரம் பேசி வாங்கும் இடம் என்று அதற்குத் தலைமுறைகளாகப் பெயர். சென்னைக்காரருக்கு பர்மா பஜார் என்றால் புரிந்துவிடும். கம்ப்யூட்டர் உதிரிபாகங்களின் பெரிய சந்தை நகரின் நடுவே, சாந்தினி சௌக்கில். அதை ரிச்சி தெரு என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த ஊராக இருந்தாலும் இத்தகைய சந்தைகளுக்கு அருகே ஒரு சர்வீஸ் கடை இருக்கும். அங்கே வரும் லேப்டாப்களில் ஒரு புகார் தவறாமல் இருக்கும். "சி டிரைவ் சிவப்பாயிடுச்சு, டி-யில நிறைய இடம் கிடக்குது. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து இதில் போடுங்க." கேட்பதற்குச் சுலபமான வேலை. அது எப்போது நிமிடத்தில் முடியும், எப்போது மணிக்கணக்கில் இழுத்து ஆபத்தாகும் என்பது ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: பார்ட்டிஷனின் எந்தப் பக்க எல்லை நகர்கிறது?

ஒரு பார்ட்டிஷனுக்குத் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் தன் முகவரிகளையெல்லாம் தொடக்கத்திலிருந்தே எண்ணுகிறது. எனவே முடிவு எல்லையை வலப்பக்கம் தள்ளினால் உள்ளிருக்கும் எந்தக் கோப்பும் இடம் மாறத் தேவையில்லை; கணக்கை மட்டும் திருத்தினால் போதும், சில நொடிகள். முடிவை இடப்பக்கம் இழுத்தால், ஓரத்தில் கிடக்கும் கோப்புகளை உள்ளே நகர்த்திவிட்டு எல்லையைச் சுருக்க வேண்டும். கொஞ்சம் நேரம் பிடிக்கும். தொடக்கத்தை நகர்த்துவதுதான் விவகாரம். அப்போது பார்ட்டிஷனின் ஒவ்வொரு பைட்டும் புது இடத்துக்குப் போயாக வேண்டும்.

நம் ஊர்க் கடைகளில் விண்டோஸ் போடும் பழக்கம் இந்த மூன்றாவது வகையைத்தான் வலிந்து அழைக்கிறது. 100 ஜிபி சி-க்கு, மிச்சம் டி, இ, எஃப் என்று பிரிப்பது வழக்கம். விண்டோஸ் கெட்டால் சி-யை மட்டும் ஃபார்மேட் செய்யலாம், படங்களும் கணக்குகளும் டி-யில் பத்திரமாக இருக்கும் என்பது அதன் நியாயம். ஆனால் டிஸ்கே செத்தால் சி-யும் டி-யும் சேர்ந்துதான் சாகும். மூன்று வருட அப்டேட்களுக்குப் பிறகு சி நிரம்புகிறது. உரிமையாளர் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, டி-யை 'ஷ்ரிங்க்' செய்கிறார். காலியிடம் கிடைக்கிறது, ஆனால் டி-யின் வலப்பக்கத்தில். சி-யை ஒட்டி வலப்பக்கம் காலியாக இருந்தால்தான் விண்டோஸ் அதை நீட்டும். 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' என்ற சொல் சாம்பல் நிறத்தில் மங்கி நிற்கிறது. நடுவில் டி உட்கார்ந்திருக்கிறது. பல கணினிகளில் அதற்கும் முன்னால் ஒரு ரெக்கவரி பார்ட்டிஷன் வேறு. டி-யை அப்படியே வலப்பக்கம் நகர்த்தும் வசதி விண்டோஸின் சொந்தக் கருவியில் இல்லை. அங்கேதான் ஜிபார்ட்டெட் போன்ற வெளிக் கருவிகள் உள்ளே வருகின்றன.

400 ஜிபி கொண்ட டி-யை ஒரே டிஸ்கில் நகர்த்துவதாக வைத்துக்கொள்வோம். சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி படித்தாலும், அதே தலைதான் எழுதவும் வேண்டும் என்பதால் நிகர வேகம் ஏறத்தாழ பாதி. கணக்குப் போட்டால் இரண்டே கால் மணி நேரம். பழைய டிஸ்க், யுஎஸ்பி இணைப்பு என்றால் இன்னும் நீளும். அந்த நேரம் முழுவதும் கரன்ட் போகக் கூடாது.

கொல்கத்தாக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2020 மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்தபோது நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. எஸ்பிளனேடிலிருந்து மைதானத்தின் மரங்களுக்கிடையே கிடர்பூருக்கு ஓடிக்கொண்டிருந்த டிராமின் மேல்கம்பிகள் அந்தப் புயலில்தான் சேதமாகி, சேவை நின்றது. புயல்தான் வேண்டும் என்றில்லை. சாதாரண மழைநாளின் பத்து நிமிட மின்வெட்டே போதும். லேப்டாப் என்றால் முழு சார்ஜோடு பிளக்கிலும் மாட்டியிருக்க வேண்டும், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் வேண்டும். இது இல்லாமல் தொடக்க எல்லையை நகர்த்துகிறவர் சூதாடுகிறார்.

இந்த எல்லைக் கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1983இல் ஐபிஎம்மின் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்கோடு வந்தபோது, டாஸ் 2.0 டிஸ்கின் முதல் செக்டரான 512 பைட்டில் எல்லாவற்றையும் அடக்கியது. 446 பைட் பூட் நிரல், 2 பைட் முத்திரை, இடையில் 64 பைட்டில் நான்கு பார்ட்டிஷன்களின் விவரம். ஒன்றுக்கு 16 பைட். ஒரு லட்சம் குடும்பப் படங்கள் டிஸ்கில் எங்கே இருக்கின்றன என்பதை அந்த 16 பைட்தான் சொல்கிறது. அது அழிந்தால் படங்கள் அழிவதில்லை. அவற்றுக்கு வழி சொல்ல ஆளில்லாமல் போகிறது, அவ்வளவே. எம்பிஆர் எனும் இந்த அமைப்புக்கு நகல் கிடையாது. 512 பைட் செக்டர்களோடு 2.2 டிபிக்கு மேல் எண்ணவும் தெரியாது. பின்னால் வந்த ஜிபிடி, அட்டவணையை டிஸ்கின் தொடக்கத்திலும் கடைசியிலும் இருமுறை எழுதி, கெட்டுவிட்டதா என்று சோதிக்கும் எண்ணையும் சேர்த்து வைக்கிறது. முன்பக்கம் சிதைந்தால் ஜிடிஸ்க் என்ற கருவி பின்பக்க நகலிலிருந்து மீட்டுக் கொடுக்கும்.

அட்டவணையும் ஃபைல் சிஸ்டமும் வேறு வேறு என்பது பலருக்குத் தெரியாததால் வரும் விபத்துகள் அதிகம். கிடர்பூர் கப்பல்துறையின் நீர்மட்டம் ஹூக்ளியின் ஏற்ற இறக்கத்தோடு ஆடுவதில்லை. இடையில் லாக் கேட் இருக்கிறது. உள்ளே வரும் கப்பலுக்கு எந்தக் கதவு முதலில் என்று ஒரு வரிசை, வெளியேறும் கப்பலுக்கு அதே வரிசை தலைகீழ். பார்ட்டிஷனும் அப்படித்தான். சுருக்கும்போது முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு அட்டவணை. பெருக்கும்போது முதலில் அட்டவணை, பிறகு ஃபைல் சிஸ்டம். திரையில் எல்லையை இழுத்துவிடும் கருவிகள் இந்த வரிசையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. லினக்ஸில் கட்டளைகளைக் கையால் தட்டுகிறவர் வரிசையை மாற்றி அட்டவணையை முதலில் சுருக்கினால், ஃபைல் சிஸ்டத்தின் வால் வெளியே தொங்கும். அந்த வாலின் மேல் வேறொரு பார்ட்டிஷனைப் போட்டு எழுதினால் கதை முடிந்தது. எழுதாத வரை, பழைய எண்ணைத் திரும்ப அட்டவணையில் போட்டாலே எல்லாம் பழையபடி வந்துவிடும்.

எல்லா ஃபைல் சிஸ்டமும் ஒரே சுபாவம் உடையதும் அல்ல. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருங்கும். லினக்ஸின் எக்ஸ்டி4 ஓடும்போது பெருகும். சுருங்க வேண்டுமானால் கழற்றிவைக்க வேண்டும். சர்வர்களில் பரவலாக இருக்கும் எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெருக்கலாம், சுருக்க நினைப்பது வீண். பென் டிரைவ்களில் வரும் எக்ஸ்ஃபேட்டுக்கு வழக்கமான கருவிகள் இரண்டையும் செய்வதில்லை. நகலெடுத்துவிட்டுப் புதிதாகப் பிரிப்பதே வழி.

இந்தக் கருவிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1993இல் ஆர்னோ ஷேஃபர் எழுதிய ஃபிப்ஸ், டாஸ் டிஸ்கின் வால்பகுதியை வெட்டி லினக்ஸுக்கு இடம் பண்ணிக் கொடுத்தது. அதற்கு முன் டிஸ்கை டிஃப்ராக் செய்து கோப்புகளை முன்னால் ஒதுக்கவில்லை என்றால் அது அசையாது. அமெரிக்காவின் யூட்டாவில் பவர்க்வெஸ்ட் நிறுவனம் விற்ற பார்ட்டிஷன்மேஜிக், எல்லையை மவுஸால் இழுத்து மாற்றும் அனுபவத்தை முதலில் பரவலாக்கியது; நம் ஊர் சர்வீஸ் பையன்களின் சிடி பவுச்சில் அப்போது அது இல்லாமல் இருந்ததில்லை. 2003இல் சைமன்டெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. அதன் பிறகு அந்த மென்பொருள் வளரவில்லை. 2002இல் என்டிஎஃப்எஸ்ரீசைஸ், 2004இல் ஜிபார்ட்டெட் என்று இலவசக் கருவிகள் வந்தன. 2007இல் விண்டோஸ் விஸ்டாவே சுருக்கவும் நீட்டவும் கற்றுக்கொண்டது.

ஆனால் விண்டோஸின் சுருக்கத்துக்கு ஒரு முரண்டு உண்டு. 200 ஜிபி காலியாக இருந்தாலும் '12 ஜிபிதான் சுருக்க முடியும்' என்று சொல்லும். பேஜ்ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, ரீஸ்டோர் பாயின்ட், என்டிஎஃப்எஸ்ஸின் சொந்தப் பதிவேடு ஆகியவற்றை ஓடும் விண்டோஸ் நகர்த்தாது. அவற்றில் ஒன்று நடுவில் கிடந்தால் எல்லை அதோடு நின்றுவிடும். ஹைபர்னேஷனையும் பேஜ்ஃபைலையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டோர் பாயின்ட்களை நீக்கி, மறுபடி பூட் செய்தால் பெரும்பாலும் வழிவிடும். ஹைபர்னேஷனை அணைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' போட்டிருக்கும் கணினி ஷட்டவுன் ஆனதாகக் காட்டினாலும் பாதி உறக்கத்தில்தான் இருக்கிறது. டிஸ்க் பற்றிய பழைய நினைவோடு தூங்கும் விண்டோஸுக்கு அடியில் லினக்ஸ் பென் டிரைவ் வழியே எல்லையை மாற்றிவிட்டால், எழும்போது அது பழைய கணக்கில் எழுதத் தொடங்கும். நல்ல கருவிகள் இதைக் கண்டு மறுத்துவிடும். மறுக்கும் கருவியைக் கட்டாயப்படுத்தும் வழியைத் தேடுகிறவர்கள்தான் பிறகு மீட்புக் கடைக்கு வருகிறார்கள்.

எதற்கும் முன்னால் டிஸ்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197, 198 என்ற மூன்று எண்களைப் பார்த்தால் போதும்: மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், சரிசெய்ய முடியாதவை. 197 பூஜ்ஜியமாக இல்லை என்றால் அந்த டிஸ்கில் பார்ட்டிஷன் மாற்றுவது வேண்டாத வேலை. நகலெடுத்துவிட்டு ஓய்வு கொடுப்பதே மரியாதை. பில் இல்லாமல் வாங்கிய பென் டிரைவ், எஸ்எஸ்டி என்றால் அது சொல்லும் அளவே பொய்யாக இருக்கலாம். உள்ளே 32 ஜிபி இருக்க, கன்ட்ரோலர் 1 டிபி என்று அறிவிக்கும்; உண்மை அளவு தாண்டியதும் எழுதியது காணாமல் போகும், அல்லது பழையதன் மேல் விழும். பார்ட்டிஷன் கருவி டிஸ்க் சொல்வதை நம்பும் ஜாதி. ஜெர்மனியின் c't கம்ப்யூட்டர் இதழ் வெளியிட்ட எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 ஆகியவை காலி டிரைவை நிரப்பித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

பேக்கப் எடுக்காமல் தொடங்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள், கேட்பவர் குறைவு. முழு பேக்கப்புக்கு இடமில்லாதவர் குறைந்தபட்சம் அட்டவணையையாவது எடுத்துவைக்கலாம். லினக்ஸின் எஸ்எஃப்டிஸ்க் அதைச் சில வரி எழுத்தாகக் கொடுத்துவிடும். ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்க செக்டரும் அளவும் தெரியும் அந்தத் திரையை போனில் படம் பிடித்து வைத்தாலும் சரி. பின்னால் டிஸ்க் 'ரா' என்று காட்டும் நாளில் அந்தப் படம் விலை மதிப்பில்லாதது.

இனி விபத்துகள். 2004 மே மாதம் ஃபெடோரா கோர் 2 எனும் லினக்ஸ் வெளிவந்தபோது, விண்டோஸ் எக்ஸ்பி-யோடு சேர்த்து நிறுவிய பலருக்கு எக்ஸ்பி எழவில்லை. எல்லாம் போய்விட்டது என்று டிஸ்கையே ஃபார்மேட் செய்தவர்கள் உண்டு. உண்மையில் ஒரு கோப்பும் போகவில்லை. புதிய 2.6 கெர்னல் டிஸ்கின் சிலிண்டர்–ஹெட் கணக்கை பயாஸிடம் கேட்பதை நிறுத்தியிருந்தது. நிறுவும் கருவி வேறு கணக்கில் அட்டவணையை எழுதிவிட்டது. சரியான ஹெட் எண்ணிக்கையோடு அட்டவணையைத் திரும்ப எழுதியதும் எக்ஸ்பி எழுந்தது. தகவல் இழப்பு, பிழையில் நடக்கவில்லை; பதறிச் செய்த திருத்தத்தில் நடந்தது.

தமிழ்நாட்டில் இதன் தம்பி ஒன்றைப் பார்த்தோம். 2011இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வழங்கிய கணினிகளில் விண்டோஸும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தன. லினக்ஸ் எதற்கு என்று நினைத்த மாணவர்கள் விண்டோஸுக்குள்ளிருந்தே அந்தப் பார்ட்டிஷனை அழித்தால், அடுத்த பூட்டில் கறுப்புத் திரையும் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற இரண்டு சொற்களும்தான். பூட் நிரலின் முதல் துண்டு எம்பிஆரில் இருக்கிறது, மிச்சம் அழிந்த பார்ட்டிஷனில் போய்விட்டது. விண்டோஸ் டிஸ்கால் பூட் செய்து ஃபிக்ஸ்எம்பிஆர் என்று ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிற விஷயம். புதிய விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் கடைக்காரருக்கு அது தெரியாமலும் இருக்கலாம், தெரிந்தும் இருக்கலாம்.

2024 ஜனவரி 9 அன்று மைக்ரோசாஃப்டே உலகத்தை இந்த வேலையில் இறக்கியது. விண்டோஸ் 10க்கு வந்த கேபி5034441 எனும் அப்டேட், ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் கேட்டது. பல கணினிகளில் அது இல்லை, அப்டேட் தோற்றது. தீர்வாகக் கொடுக்கப்பட்ட குறிப்பு: டிஸ்க்பார்ட்டைத் திறந்து, சி-யை 250 எம்பி சுருக்கி, ரெக்கவரி பார்ட்டிஷனை 'ஓவர்ரைடு' போட்டு அழித்து, புதிதாக உருவாக்கு. டிஸ்க்பார்ட் 'உறுதியா?' என்று கேட்கும் வழக்கம் இல்லாதது. எண் ஒன்று தவறினால் டி போய்விடும். வீட்டில் மின்கட்டணம் கட்டவும் மெயில் பார்க்கவும் கணினி வைத்திருப்பவரிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தது பொறுப்பான செயல் என்று சொல்ல முடியாது. தானாகச் சரிசெய்யும் அப்டேட் வராது என்றும் பின்னர் அறிவித்தார்கள்.

மின்வெட்டால் பாதியில் நின்ற நகர்த்தல்தான் இருப்பதில் மோசமான வகை. வலப்பக்கம் நகரும்போது கருவி கடைசியிலிருந்து பின்னோக்கி நகலெடுக்கும். பாதியில் நின்றால் பின்பாதி புது இடத்தில், முன்பாதி பழைய இடத்தில். அட்டவணையில் எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு பாதி பொருந்தாது. ஆனாலும் நம்பிக்கை உண்டு: பழைய தொடக்கம், புதிய தொடக்கம், நின்ற இடம் மூன்றும் தெரிந்தால், மிச்சத்தை நகலெடுத்து ஒட்டிவிடலாம். ஜிபார்ட்டெட் இந்த விவரங்களைப் பதிவாகச் சேமிக்கும் வசதி தருகிறது. லைவ் பென் டிரைவில் ஓடும்போது அது நினைவகத்தில்தான் இருக்கும், கரன்ட்டோடு அதுவும் போகும். போனில் எடுத்த படத்தின் அருமை அப்போது தெரியும்.

இந்த நிலையில் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்யாமல் இருக்கிறோம் என்பதே முக்கியம். 'பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால் ரத்து. செக்டிஸ்க் ஓட்டக் கூடாது; மாற்றத்துக்கு முன் ஓட்ட வேண்டிய கருவி அது. தவறான எல்லைக்குள் ஓட்டினால் கோப்புகளின் பெயர்களை உதறி, துண்டுகளை ஃபவுண்ட்.000 என்ற ஃபோல்டரில் குவித்துவிடும். மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் இறக்கி நிறுவவும் கூடாது. டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் உடனே அணைக்க வேண்டும். அது சுத்த அறையும் பிசி-3000 போன்ற கருவிகளும் வைத்திருக்கும் ஆய்வகத்தின் வேலை.

தட்டாத டிஸ்க் என்றால், குனு டிடிரெஸ்க்யூவால் இன்னொரு டிஸ்கில் முழு நகல் எடுப்பது முதல் வேலை. படிக்க எளிதான பகுதிகளை முதலில் வாங்கிக்கொண்டு, கடினமானவற்றை அது கடைசிக்குத் தள்ளும்; நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மீதி ஆராய்ச்சி எல்லாம் நகலின் மேல். பிரான்ஸின் கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், டிஸ்கைத் துழாவி, ஃபைல் சிஸ்டங்களின் அடையாளங்களைக் கொண்டு காணாமல் போன எல்லைகளைக் கண்டுபிடிக்கும். 'பி' விசையைத் தட்டினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியல் தெரியும். பெயர்கள் ஒழுங்காக வந்தால்தான் 'ரைட்' கொடுக்க வேண்டும். என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் நகலை பார்ட்டிஷனின் கடைசி செக்டரில் வைத்திருக்கிறது. டெஸ்ட்டிஸ்க் அதையும் பயன்படுத்தும். எக்ஸ்டி4 தன் சூப்பர்பிளாக்கைப் பல இடங்களில் நகலெடுத்து வைக்கிறது. வழக்கமான 4 கேபி பிளாக் அமைப்பில் முதல் நகல் 32768ஆம் பிளாக்கில். எதுவும் பலிக்காவிட்டால் ஃபோட்டோரெக்: கோப்புகளை மீட்கும், ஆனால் பெயரும் ஃபோல்டரும் இல்லாமல். ஆயிரக்கணக்கான எண்-பெயர் படங்களில் கல்யாண ஆல்பத்தைத் தேடுவது தனித் தவம்.

இவ்வளவும் சுழலும் டிஸ்குக்குப் பொருந்தும். எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. விண்டோஸ் 7 முதல், ஒரு பகுதியை அழித்தாலோ ஃபார்மேட் செய்தாலோ 'இது இனி வேண்டாம்' என்று டிரிம் கட்டளை டிஸ்குக்குப் போகிறது. கன்ட்ரோலர் அந்த இடத்தைத் துடைத்துவிடும். பழைய டிஸ்கில் குவிக் ஃபார்மேட்டுக்குப் பிறகும் எல்லாவற்றையும் மீட்ட அனுபவசாலிகள், எஸ்எஸ்டியில் அதையே முயன்று வெறும் பூஜ்ஜியங்களைப் பார்க்கிறார்கள். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இன்னொரு பூட்டு. 2024இன் விண்டோஸ் 11 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் குறியாக்கம் கேட்காமலே தொடங்கிவிடும். பார்ட்டிஷனைத் தொட்டபின் அது 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். சாவி இல்லை என்றால் எந்த ஆய்வகமும் உதவாது. மாற்றத்துக்கு முன் பிட்லாக்கரை 'சஸ்பெண்ட்' செய்வதும், சாவியைக் காகிதத்தில் எழுதிவைப்பதும் ஐந்து நிமிட வேலை.

இதற்கிடையே, கணினி உலகின் மற்றொரு பாதி இந்தத் தலைவலியிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிட்டது. 2017 முதல் மேக்கில் இருக்கும் ஏபிஎஃப்எஸ்ஸில் பல வால்யூம்கள் ஒரே பொது இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டி வெட்டுவதில்லை. லினக்ஸின் எல்விஎம்மில் ஒரு வால்யூமின் துண்டுகள் டிஸ்கில் எங்கெங்கோ இருக்கலாம்; ஒட்டிய காலியிடம் வேண்டியதில்லை, இன்னொரு டிஸ்கையே சேர்த்து நீட்டலாம். 2019இன் ஆண்ட்ராய்டு 10இலிருந்து, புதிதாக வரும் போன்களின் சிஸ்டம் பார்ட்டிஷன்கள் 'சூப்பர்' என்ற பெரிய பார்ட்டிஷனுக்குள் மிதக்கின்றன. அப்டேட் வரும்போது அவற்றின் அளவு தானாக மாறுகிறது, போன்காரருக்குத் தெரிவதுகூட இல்லை.

சி-யும் டி-யுமாகப் பிரிந்து கிடக்கும் விண்டோஸ் டிஸ்கில் அந்தச் சுகம் இல்லை. அங்கே பெரும்பாலும் எல்லையைத் தொடாமலே வேலை முடியும்: டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களின் இருப்பிடத்தை டி-க்கு மாற்றலாம், டிஸ்க் கிளீனப்பில் பழைய அப்டேட் கோப்புகளை நீக்கலாம், ஹைபர்னேஷன் கோப்பை அணைத்துப் பல ஜிபி வாங்கலாம். அதற்கும் போதவில்லை என்றால், டி-யில் இருப்பதை வெளி டிஸ்குக்கு நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று பார்த்து, டி-யை அழித்து, சி-யை நீட்டி, மிச்சத்தில் புது டி உருவாக்கி, கோப்புகளைத் திரும்பப் போடலாம். இடையில் ரெக்கவரி பார்ட்டிஷன் நின்றால் மட்டும் ஜிபார்ட்டெட் தேவைப்படும். அது சில நூறு எம்பிதான், நகர்த்த நிமிடம் போதும். 400 ஜிபியை இருந்த இடத்திலேயே நகர்த்துவதற்கு ஆகும் நேரத்தைவிட இது அதிகம் பிடிக்கலாம். ஆனால் நடுவில் கரன்ட் போனால் மறுபடி தொடங்கினால் போதும்.